காற்று ஹலால்தான், கணக்கு?

சாராயம் இல்லை, சூது இல்லை, காற்றாலைக் கம்பெனிப் பங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று உத்திரமேரூர் கடைவீதியிலிருந்து பெருநகர் வரை நம் இளைஞர்கள் பேசித் திரிகிறார்கள்.

சகோதரர்களே, காற்றை அல்லாஹ் கொடுத்தான். காற்றாலையை நிறுத்தியது யார் பணம்?

சுஸ்லானைப் பாருங்கள். 2005ல் பங்குச் சந்தைக்கு வந்தது. 2006ல் பெல்ஜியத்தின் ஹேன்சன், 2007ல் ஜெர்மனியின் ஆர்.இ.பவர் என்று வெளிநாட்டுக் கம்பெனிகளை வளைத்தது. கைக்காசிலா? கடனில்! 2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன்பத்திரங்களுக்குத் தவணை வந்தபோது கையை விரித்தது. 2008 தொடக்கத்தில் 400 ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு, 2020ல் 2 ரூபாய்க்கும் கீழே போனது. முப்பந்தலில் காற்று நின்றுவிட்டதா? உலகச் சந்தை சரிந்து ஆர்டர் குறைந்தது உண்மைதான். ஆர்டர் குறைந்தால் கடை சுருங்கும். வட்டிக்கடன் இருந்தால் மூழ்கும். இது நம் மளிகைக்கடை பாய்க்குத் தெரியாததா?

கடனைப் பெரும்பாலும் தீர்த்தபின் 2024ல் அதே பங்கு 80 ரூபாயைத் தாண்டியது. "பார்த்தீர்களா!" என்கிறார்கள். 400க்கு வாங்கியவரிடம் போய்ச் சொல்லுங்கள்!

காற்று, சூரிய மின்நிலையங்களில் 100 ரூபாய் முதலீட்டுக்கு 70 ரூபாய் கடன் என்பது சாதாரணம். ஷரீஅத் அளவுகோல்களோ கடனுக்கு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்றே எல்லை வைக்கின்றன. பேங்க் வட்டி ஹராம் என்று ஒதுங்குபவர், வட்டியில் வளரும் கம்பெனிக்குப் பங்காளியாவது என்ன நியாயம்?

செல்போனில் வரும் 'டிப்ஸ்' கிடக்கட்டும். ஆண்டறிக்கையில் மொத்தக் கடன், வட்டிச் செலவு இரண்டையும் பாருங்கள். புரியவில்லையா? மஹல்லாவில் பி.காம். படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜும்ஆ முடிந்ததும் கேளுங்கள்.