தோழற்கு அளிக்கும் மூச்சு

ஸ்கூபாக் கருவி பூண்டு நீருள் மூழ்குவோர் இருவரிருவராய்ச் செல்லல் வேண்டுமென்பது பெரும்பாலோர் உடன்பட்ட விதி. ஒருவர்க்குக் காற்று அற்றவிடத்து மற்றவர் தம் காற்றை அளித்துக் காப்பரென்பதே அதன் கருத்து. ஆயின், எக்கருவியை அளிப்பதென்னும் வினாவில் மூழ்குவோர் இரு கட்சியினராய் நிற்கின்றனர். அவற்றுள் ஒன்றே தக்கதென்பது எமது துணிபு.

முதலிற் கருவியின் இயல்பைச் சிறிது கூறுவாம். சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்ட காற்றை, அதன் வாயிற் பொருத்திய முதற்படி, சூழ்ந்த நீரினும் 9 அல்லது 10 பார் மிகுந்த அளவிற்குக் குறைத்துக் குழாயிற் செலுத்தும். வாயிற் கவ்விய இரண்டாம்படி அதனைச் சுவாசிக்கத்தக்கதாய்த் தணிக்கும். இவ்விரண்டுஞ் சேர்ந்ததே ரெகுலேட்டர். முன்னாளில் ஒரே வாய்க்கருவியை இருவர் மாறி மாறிக் கவ்வி மேலேறினர். அச்சங்கொண்டவன் கையிற் கிடைத்ததைத் திருப்பித் தருவானோ? ஆதலின் அவ்வழக்கம் அருகி, அதே முதற்படியினின்று பிரியும் மற்றோர் இரண்டாம்படியை உடன்கொள்ளும் வழக்கம் வந்தது. அதனை ஆக்டபஸ் என்பர்.

எம் குறையெல்லாம் அதனைத் தெரிந்துகொள்ளும் முறையைப் பற்றியது. தனக்கு வேண்டுவதை உயர்விலையிற் கொள்வோன், பிறர்க்கென வைப்பதை மலிவாகக் கொள்கின்றான். அது உடுப்பின் ஓரத்திற் செருகுண்டு, சிலவேளை கழன்று மணலில் இழுபட்டு, சோதிப்பாரின்றிக் கிடக்கின்றது. தானே காற்றைச் சொரியாதிருத்தற்பொருட்டு, இழுத்தற்குக் கடினமாக அதனை அமைப்பாரும் உளர். உயிர் போகுந்தறுவாயில் ஒருவன் வாயிற் சேர்வது இதுவே!

அமெரிக்க நாட்டின் வட பிளாரிடாவில் நீர்க்குகைகளிற் புகுவோரிடையே வேறு முறை வளர்ந்தது. ஆங்கு நேரே மேலெழுந்து தப்ப வழியில்லை. வந்த வழியே மீளல் வேண்டும். அவர் தம் வாயிலுள்ளதையே எடுத்துத் தோழற்கு நீட்டுவர். அது செம்மையாய் இயங்குகின்றதென்பதற்கு அவர் இழுத்த மூச்சே சான்று. தமக்கென மற்றொன்று கழுத்திலிட்ட ரப்பர்க் கயிற்றில் மோவாயின்கீழ்த் தொங்கும். அளிக்கும் கருவியின் குழாய் 7 அடி நீளமுடையது. இடுக்கில் ஒருவர்பின் ஒருவராய்ச் செல்ல அந்நீளம் வேண்டும். அது வலப்புறம் இறங்கி, மார்பின் குறுக்கே இடத்தோள் ஏறி, பிடரியைச் சுற்றி வாய்க்கு வருதலின், தலை குனிந்தவளவிற் கழன்று நீளும். திறந்த கடலில் 5 அடியே அமையும்.

வாயிலுள்ளதை விடுவது ஆபத்தன்றோவெனச் சிலர் வினவுவர். காற்றற்றுத் திகைத்தவன் மஞ்சட் குழாயைத் தேடி நில்லான். குமிழி எழும் வாயையே நாடிப் பற்றுதலும் உண்டு. பறிகொடுப்பதினும் கொடுப்பது நன்று. பழகாதார்க்கு நீள்குழாய் தளையாகுமென்பது உண்மையே. ஆதலின் மூழ்குந்தோறும் தொடக்கத்திலேயே அதனை நீட்டிக் கொடுத்துப் பார்த்தல் வேண்டும்.

இனிக் காற்றின் அளவு. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பினும் நான்கு மடங்கு. நிமிடத்திற்கு 20 லிட்டர் இழுப்பவர்க்கு ஆங்கு 80 லிட்டர் செல்லும், இருவர்க்கு 160. 12 லிட்டர்ச் சிலிண்டரில் 50 பார் எஞ்சியிருப்பின் அது 600 லிட்டர். நான்கு நிமிடத்திற்கும் போதாது. பத்துக் கன்னிகையர் உவமையில் எண்ணெய் இருசாரார்க்கும் போதாதென்று மறுத்தவரை யாம் குறைகூறவில்லை. எனினும் குகையிற் புகுவோர் போக்கிற்கு ஒரு பங்கும், மீட்சிக்கு ஒரு பங்கும் வகுத்து, மூன்றாம் பங்கைத் தீண்டாது தோழற்கென வைப்பர்.

முதற்படியும் அவ்விருவர் சுமையைத் தாங்குவதாதல் வேண்டும். சிலிண்டரின் அழுத்தம் இறங்க இறங்கத் தளரும் எளிய அமைப்பு இதற்கு ஆகாது. நீர் 10 பாகையினும் குளிர்ந்திருப்பின், இருவர் ஒருங்கே இழுக்கும் மிகுந்த ஓட்டத்தால் முதற்படி உறைந்து காற்றுத் தடையின்றிக் கொட்டிப்போதலுங் கூடும். அத்தகைய நீரில் இரு வால்வும் இரு முதற்படியும் தனித்தனியே கொள்ளல் வேண்டும். விலை மிகுமென்பார், உடன் மூழ்கும் தோழரை ஒருமுறை கேட்டு வருக.