சிறுத்தைக்கும் இங்கே இடமுண்டா?

“புலி வருது, புலி வருது” என்று பொய் சொல்லி ஊரைக் கூட்டிய ஆட்டிடையச் சிறுவனின் கதையைத் தொடக்கப் பள்ளியிலேயே நாம் படித்திருக்கிறோம். பொய் சொல்லக் கூடாது என்பது அக்கதையின் நீதி. மலையடிவாரத்தில் வாழும் நமக்கு அதில் இன்னொரு செய்தியும் உண்டு. கடைசியில் புலி மெய்யாகவே வந்தது. அன்று ஊர் வரவில்லை. இழப்பு முழுவதும் ஆடு மேய்த்த ஏழைச் சிறுவனுக்கே வந்து சேர்ந்தது.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, மலையோரத் தோட்டம் ஒன்றில் பட்டியில் கிடந்த இரண்டு ஆடுகளைச் சிறுத்தை அடித்துவிட்டது என்ற செய்தியோடுதான் எங்கள் வகுப்பு தொடங்கியது. இடைவேளைக்குள் சிறுத்தை புலியாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஒரு புலி இரண்டு புலிகளாகிவிட்டது. மாலையில் அவை பேருந்து நிறுத்தம் வரை வந்து போனதாகவும் சொன்னார்கள்! நாங்கள் சிரித்தோம். எங்கள் தோழி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவை அவளுடைய தாத்தாவின் ஆடுகள். பொங்கலுக்கு அவற்றை விற்றுத் தம்பியின் படிப்புக்குப் பணம் கட்டுவதாக இருந்தார்கள்.

அன்று வகுப்பில் இரண்டு கட்சிகள் எழுந்தன. “அதைக் கூண்டு வைத்துப் பிடித்து எங்காவது தொலைவில் விட வேண்டும்” என்றனர் சிலர். “காடு அதனுடையது, நாம்தான் புகுந்துவிட்டோம்” என்றனர் மற்றவர். வாதம் முற்றியபோது எங்கள் வகுப்புச் சகோதரி, “கத்தினால் போதாது, படித்துவிட்டு வந்து பேசுங்கள்” என்றார்கள். அப்படிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

மனிதருக்கு அருகில் சிறுத்தை வாழ முடியுமா என்று கேட்கிறோம். அது ஏற்கெனவே வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. 2021-ஆம் ஆண்டு திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் புலிகள் சுமார் 3,682. சிறுத்தைகளோ சுமார் 13,874. அவற்றுள் தமிழ்நாட்டில் உள்ளவை ஏறத்தாழ 1,070. இத்தனை இருந்தும் நம்மில் எத்தனை பேர் அதைக் கண்ணால் கண்டிருக்கிறோம்? பகலில் புதரிலும் பாறையிலும் பதுங்கி, ஊர் அடங்கிய பின் நடமாடும் பிராணி அது. நாம் அதைக் காண்பதில்லையே தவிர, அது நம்மைக் காண்கிறது.

மராட்டிய மாநிலத்தில் அகோலே என்ற வட்டாரம் இருக்கிறது. காடு அல்ல, கரும்பு வயல்கள். சதுர கிலோமீட்டருக்கு முந்நூறுக்கு மேற்பட்ட மக்கள் வாழும் இடம். அங்கே வித்யா அத்ரேயா என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் தானியங்கிக் கேமராக்களை வைத்து ஆராய்ந்தார்கள். நம் கைரேகையைப் போலவே சிறுத்தையின் புள்ளிகளும் ஒன்றுக்கொன்று வேறுபடும், ஆகவே எண்ணிவிடலாம். நூறு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து சிறுத்தைகள் அந்த வயல்களில் வாழ்வதை அவர்கள் கண்டு, 2013-இல் வெளியிட்டார்கள். அவற்றின் உணவில் நாய்களின் பங்கு நூற்றுக்கு 39. ஆடுகளின் பங்கு 11 மட்டுமே. நாய்களைவிட ஆடுகள் பல மடங்கு அதிகமாக இருந்தும் ஏன் இப்படி? ஆட்டை மனிதர் காக்கிறார்கள். தெரு நாயைக் காப்பார் இல்லை. இரவில் ஆட்டை நன்றாக அடைத்து வைத்தால் பெருமளவு இழப்பைத் தவிர்க்கலாம் என்பது இதிலிருந்து விளங்கும்.

இதை நம் முன்னோர் கேமரா இல்லாமலே அறிந்திருந்தார்கள். கிடை போட்டுக் காவல் இருந்தார்கள். பரண் கட்டி விழித்திருந்தார்கள். செம்பழுப்பு உடலும் கரிய முகமும் கொண்ட கோம்பை நாயை வளர்த்தார்கள். நம் ஊரின் பெயரை நாடெங்கும் சொல்லும் அந்த நாய் இப்படிக் காவல் காத்துப் பெயர் பெற்றதுதான். முறத்தால் புலியை விரட்டிய தமிழ்ப் பெண்ணைப் பற்றி மேடைதோறும் பேசுகிறோம். அவள் விரட்டினாள், அவ்வளவே. காட்டுக்குள் போய் அதன் குலத்தையே அழித்துவிட்டு வரவில்லை.

கூண்டு வைத்துப் பிடித்துத் தொலைவில் விட்டால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். மராட்டியத்தின் ஜுன்னர் பகுதியில் 2001-இலிருந்து சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்தது. இடம் தெரியாத காட்டில் விடப்பட்ட விலங்கு தன் பழைய இடத்தைத் தேடி அலைகிறது. காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து சேர்கிறது. ஆக, எங்கள் வகுப்பின் முதற் கட்சி தோற்றது.

இரண்டாம் கட்சி வென்றதா? அதுவும் இல்லை. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம் வால்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான்கு வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்றது. ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர் குடும்பம் அது. “காடு அதனுடையது” என்று அந்தத் தாயிடம் போய் நம்மால் சொல்ல முடியுமா? மறுபுறம், 2022 செப்டம்பரில் நம் மாவட்டத்திலேயே, பெரியகுளம் அருகே, தோட்டத்து வேலியில் சிக்கி ஒரு சிறுத்தை செத்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தந்திருந்தும், சட்டம் வேலியோரம் வந்து நிற்கவில்லை.

இரண்டையும் சேர்த்து எண்ணும்போது எங்களுக்கு ஒன்று தெளிவாயிற்று. சிறுத்தையும் மனிதரும் அருகருகே வாழ முடியும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை இப்போது ஆட்டுக்காரத் தாத்தாவும் தோட்டத் தொழிலாளியும் மட்டுமே கொடுக்கிறார்கள். மாடி வீட்டில் இருந்துகொண்டு “வனவிலங்கைக் காப்போம்” என்று நாம் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குகிறோம்.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ், குப்பியோ ஊரை நடுங்க வைத்த ஓநாயோடு சமாதானம் செய்த கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். ஓநாய் யாரையும் கடிக்கக் கூடாது என்பது பாதி ஒப்பந்தம். ஊரார் எல்லாரும் சேர்ந்து அதன் பசிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது மறு பாதி. சிறுத்தைக்கு நாம் சோறு போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. அதனால் வரும் இழப்பை ஊர் முழுவதும் ஏற்க வேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

எப்படி ஏற்பது? இறைச்சிக் கழிவையும் குப்பையையும் ஊரோரத்தில் கொட்டி நாய்களைப் பெருக்காதிருப்போம். மலையோரத்து வீடுகளுக்குத் தெருவிளக்கும் கழிப்பறையும் முதலில் கிடைக்க வேண்டுமென்று கேட்போம். இருட்டிய பின் குழந்தைகளைத் தனியே வெளியே அனுப்பாதிருப்போம். சிறுத்தையைக் கண்டால் கூட்டம் கூடிக் கல்லெறியாமல் வனத்துறைக்குத் தெரிவிப்போம். ஆட்டை இழந்தவருக்கு அரசு தரும் இழப்பீடு காலம் தாழ்த்தாமல் கைக்கு வர உதவுவோம்.

கடைசியில் சொன்னதை நாங்கள் செய்தும் பார்த்தோம். தோழியின் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்களில் நால்வர் அவருடன் திண்ணையில் அமர்ந்து மனு எழுதிக் கொடுத்தோம். பணம் இன்னும் வரவில்லை. ஆனாலும் தாத்தா பட்டிக்கு உயரமாக முள்ளடைப்புப் போட்டிருக்கிறார். கோம்பைக் குட்டி ஒன்றும் வாங்கிக் கட்டியிருக்கிறார். “அதுவும் வயிற்றுக்குத்தானே வருது, தாயி” என்றார் எங்களிடம். ஆட்டைப் பறிகொடுத்தவரே அப்படிச் சொன்னபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

இனி ஒரு நாள் “புலி வருது” என்ற குரல் மலைப் பக்கமிருந்து கேட்டால், அது மெய்யா பொய்யா என்று சிரித்துக்கொண்டிராமல் ஊர் எழுந்து போகட்டும். சிறுத்தையைக் கொல்ல அல்ல, ஆட்டுக்காரர் பக்கத்தில் நிற்க.