மதகுகளைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்?

2018 ஆகஸ்ட் 22 இரவு, திருச்சி அருகே காவிரியில் உள்ள முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. 1836இல் ஆர்தர் காட்டன் கட்டியது, வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே காவிரியில் சற்றுக் கீழே நிற்கும் கல்லணை அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது. காலந்தோறும் பழுதுபார்த்து வந்ததால்தான் அது இன்னும் நிற்கிறது. முக்கொம்பு இடிவதற்குச் சில நாட்கள் முன்பு, அதே வெள்ளத்தில்தான் திருச்சியின் பழைய கொள்ளிடம் பாலத்தின் தூண்களும் சரிந்தன. வயதைத் தாண்டி வேறு காரணமும் உண்டு: மணலை அள்ள அள்ள ஆற்றுப்படுகை தாழ்கிறது. தூணின் அடித்தளம் வெளியே தெரிகிறது. வேகமாக வரும் தண்ணீர் அதன் காலடியைப் பறிக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் எவ்வளவு உறுதியாக இருந்து என்ன? முக்கொம்பில் இப்போது பல நூறு கோடி ரூபாயில் புதிய கதவணை வந்துவிட்டது, மகிழ்ச்சிதான். ஆனால் கதவணையின் சங்கிலிக்கு மசகு போடவும், துருவைச் சுரண்டி வண்ணம் பூசவும், இரவில் ஷட்டரைத் தூக்கவும் ஆள் வேண்டுமே! புதிய கட்டுமானத்துக்கு அடிக்கல்லும் திறப்பு விழாவும் உண்டு, பராமரிப்புக்கு இரண்டும் இல்லை. அதனாலேயே பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது அதற்குத்தான். ஒவ்வோர் ஆண்டும், வழக்கமாக ஜூன் 12இல் நடக்கும் மேட்டூர் அணைத் திறப்புக்கு முன்பே, டெல்டாவின் எல்லா மதகுகளின் ஆய்வறிக்கையையும் நீர்வளத் துறை ஊர் ஊராக ஒட்ட வேண்டும். எந்த ஷட்டர் பழுது, சரிசெய்யப் பொறுப்பான பொறியாளர் யார், எந்தத் தேதிக்குள் வேலை முடியும் என்பதைப் பாசன விவசாயி படித்துப் பார்க்கட்டும்.