துபாஷிக்கு ஒரு நாற்காலி

பொங்கல் முடிந்த மறுவாரம் எனக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கும் அம்மா வந்திருந்தார். வில்லியனூரைத் தாண்டி உள்ளே இருக்கும் கிராமம். ரவிக்கையைக் கொடுத்த பிறகும் கிளம்பாமல் நின்றார். “அக்கா, பொண்ணு வேலைக்குப் போக மாட்டேன்னு உக்காந்திருக்கா. நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்களேன்.”

அந்தப் பெண்ணை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பி.காம். முடித்தவள். ஒரு வருடமாக நகரத்தில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் கம்பெனியில் வேலை. அதாவது கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், கூகுள் விளம்பரம் செய்து தரும் இடம். போனில் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னாள்.

ஒரு பாத்திரக் கடைக்குப் பொங்கல் விளம்பரம். வேறு ஊரிலிருந்து வேலை பார்க்கும் டிசைனர் படம் தயாரித்து அனுப்பிவிட்டார். பாண்டி கடற்கரை, கசவுப் புடவை கட்டிய பெண், பொங்கல் பானை, பின்னால் கடலுக்குள் இறங்கும் மாலைச் சூரியன். இவள் வேலை, ஆங்கில வாசகத்தைத் தமிழில் மாற்றுவது. மாற்றிவிட்டு, “சார், நம்ம கடல்ல சூரியன் உதிக்கும், மறையாது. மறையறது ஊசுட்டேரிப் பக்கம். சாயங்காலம் யாரும் பொங்கல் வைக்கவும் மாட்டாங்க” என்றாளாம். “நீ டிரான்ஸ்லேஷனை மட்டும் பாரும்மா” என்று பதில்.

விளம்பரம் போனது. கமெண்டில் ஊரே சிரித்தது. மறுநாள் மீட்டிங் வைத்து, தமிழ் வாசகம் சரியில்லாததால்தான் விளம்பரம் எடுபடவில்லை என்று முடிவு செய்தார்கள். எழுதியது இவள்தானே!

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கூடவே துபாஷி ஞாபகமும் வந்தது. பாண்டிக்காரர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு மொழி தெரிந்தவர் என்று பொருள். பிரெஞ்சுக் கம்பெனி இங்கே வியாபாரம் செய்தபோது, நெசவாளர்களிடமும் வணிகர்களிடமும் பேச இவர்கள் இல்லாமல் முடியாது. 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் துப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர். வாணிபம், வதந்தி, போர், பல்லக்கு மரியாதை எல்லாம் அதில் இருக்கிறது. துபாஷி சொல்வதைக் கவர்னர் கேட்பார் அல்லது கேட்காமல் போவார். ஆனால் நேருக்கு நேர் சொல்லும் இடத்திலாவது துபாஷி இருந்தார். நம் பெண்ணுக்கு அதுவும் இல்லை. முடிவெல்லாம் எடுத்த பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். மாற்றி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

2017-ல் கூகுளும் கே.பி.எம்.ஜி.யும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. 2016-லேயே இந்திய மொழிகளில் இணையம் பார்ப்பவர்கள் 23.4 கோடி, ஆங்கிலத்தில் பார்ப்பவர்கள் 17.5 கோடி. சொந்த மொழியில் இணையத்தைப் பயன்படுத்துவதில் முதலிடம் தமிழுக்கு, 42 சதவீதம். ஆக, பார்ப்பவர்களும் வாங்குபவர்களும் நம் ஆட்கள். என்ன காட்டலாம் என்று முடிவு செய்யும் அறையில் மட்டும் ஒரே மாதிரி பள்ளி, ஒரே மாதிரி ஆங்கிலம், ஒரே மாதிரி தெரு. நம் ஊரில் பெரிய வாய்க்கால்தான் ஒரு காலத்தில் வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்தது. இன்று வாய்க்காலைத் தாண்ட யாரும் அனுமதி கேட்க வேண்டாம். இந்த அறைக்குள் போவதுதான் கஷ்டம்.

இது வெறும் மனத்தாங்கல் விஷயமில்லை. சிவப்பழகு கிரீம் விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. கறுப்பாக இருக்கும் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது, கிரீம் பூசினால் இரண்டும் கிடைக்கும் என்ற கதையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தோம். என் தங்கை அந்த ட்யூபைப் பிதுக்கிப் பிதுக்கிக் கடைசிச் சொட்டு வரை எடுப்பாள். அந்தக் கதைகளை எழுதிய மேஜையைச் சுற்றி, வீட்டில் “கருவாச்சி” என்று கூப்பிடப்பட்ட பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் எத்தனை கதை பாஸாகியிருக்கும்? வெளியிலிருந்துதான் கேள்வி வந்தது. சென்னையைச் சேர்ந்த ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-ல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 2013-ல் நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்தார். நிறத்தை வைத்து யாரையும் மட்டமாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014-ல் விதி வகுத்தது. கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது 2020-ல்தான். 45 வருடம்!

சரி, அந்த மேஜைக்கு ஆட்களை எப்படி எடுக்கிறார்கள்? பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாக. ‘உன் ஃபிரெண்டு யாராவது இருந்தா சொல்லு’ என்பதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் என் ஃபிரெண்டு என்னைப் போலத்தான் இருப்பாள். விண்ணப்பம் போட்டு வருபவர்களுக்கோ பெயரே முதல் தடை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்ற இரண்டு பேராசிரியர்கள், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். முடிவு 2007-ல் வெளிவந்தது. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால், நேர்காணலுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. படிப்பு, அனுபவம் எல்லாம் ஒன்றுதான்.

‘இப்போ எல்லாம் ஆன்லைன், மெஷினுக்கு சாதி, ஆண், பெண் தெரியுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019-ல் ஆராய்ச்சியாளர்கள் ஃபேஸ்புக்கில் வேலை விளம்பரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ‘ஆணுக்குக் காட்டு, பெண்ணுக்குக் காட்டு’ என்று அவர்கள் எதுவும் குறிப்பிடவில்லை. சூப்பர் மார்க்கெட் காசாளர் வேலை போய்ச் சேர்ந்தவர்களில் 85 சதவீதம் பெண்கள். மரம் வெட்டும் துறை வேலைக்கு 90 சதவீதம் ஆண்கள். யார் கிளிக் செய்வார்கள் என்று மெஷின் தானே கணித்துக்கொள்கிறது. நம் பழைய பழக்கம்தானே அதற்குப் பாடப்புத்தகம்!

இதையெல்லாம் ஒரு சின்ன ஏஜென்சி நடத்தும் தம்பியிடம் சொன்னேன். “அக்கா, நாங்க மொத்தம் ஏழு பேர். கிளையன்ட் மூணு மாசம் கழிச்சுப் பணம் தர்றான். பேக்கரிக்கு மேல மாடியில வாடகைக்கு இருக்கோம். நீங்க பன்முகத்தன்மை பேசறீங்க” என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். நானும் யோக்கியம் இல்லை. பல வருடம் முன்பு ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நன்றாக எழுதிய பெண்ணை விட்டுவிட்டு, நன்றாகப் பேசிய பெண்ணை எடுத்தேன். எங்களுக்குத் தேவைப்பட்டது எழுத்து.

ஆனால் செலவில்லாமல் செய்யக் கூடியதும் இருக்கிறது. தமிழில் விளம்பரம் எழுதத்தான் ஆள் வேண்டும் என்றால் தமிழிலேயே ஒரு தேர்வு வைக்கலாமே. பெயரை மறைத்துவிட்டுத் திருத்தலாம். சம்பளமில்லாத ஆறு மாதப் பயிற்சி என்று சொன்ன நிமிடமே, வீட்டுச் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள் பாகூரிலும் நெட்டப்பாக்கத்திலும் நின்றுவிடுகிறார்கள். ‘சொந்த லேப்டாப் அவசியம்’ என்பதும் அதே கதவுதான். இரவு எட்டரை மணிக்கு மீட்டிங் வைத்தால் கைக்குழந்தைக்காரியும் கிராமத்துப் பெண்ணும் அதில் இருக்க முடியாது. அப்புறம், ‘பொண்ணுங்க நிலைச்சு இருக்க மாட்டாங்க’ என்ற புகார் வேறு.

பட்டம் இல்லாமலே ஆள் எடுக்கலாம் என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. ஜோஹோ நிறுவனம் பன்னிரண்டாம் வகுப்பும் டிப்ளமோவும் முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு கற்றுக்கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. குழந்தை, குடும்பம் என்று வேலையை விட்ட பெண்கள் திரும்பி வர ‘மறுபடி’ என்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது. பெரிய கம்பெனி, முடியும் என்பீர்கள். ஏழு பேர் கம்பெனி வருடத்துக்கு ஓர் ஆளை அப்படி எடுக்க முடியாதா?

காது கேளாத ஒருவர் வீடியோ எடிட் செய்யும் அறையில் வசன எழுத்து இல்லாமல் ஒரு ரீல்ஸ் வெளியே போகாது. பஸ்ஸில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கும் நமக்கும் அது லாபம். மாற்றுத்திறனாளிகளுக்குச் சம வாய்ப்புக் கொள்கை வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. திருநங்கை, திருநம்பிகளை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மாடி அலுவலகங்களில் வேலை பார்க்கும் எத்தனை பெண்களுக்கு இந்தக் கடைசி விஷயம் தெரியும்? உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று. எடுத்துவிட்டால் மட்டும் போதாது. நம் பெண்ணையும் எடுத்துத்தான் இருந்தார்கள்! போட்டோ எடுத்து ‘எங்கள் குடும்பம்’ என்று மகளிர் தினத்துக்கு அவர்கள் பக்கத்தில் போட்டும் இருந்தார்கள். படம் முடிவாகும் முன் அவளைக் கூப்பிட்டு, “இது சரியா இருக்கா?” என்று ஒரு தடவை கேட்டிருந்தால் பாத்திரக் கடைக்காரர் பணம் வீணாகியிருக்காது.

அவளிடம் வேலையை விடாதே என்றும் நான் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. நடந்ததைத் தேதியோடு எழுதி மேலதிகாரிக்கு ஒரு மெயில் போடச் சொன்னேன். போட்டாள். பதில் வரவில்லை. மாதக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வரும் வியாழக்கிழமை லாஸ்பேட்டையில் இன்னொரு கம்பெனியில் நேர்காணல். தமிழில் ஒரு விளம்பரம் எழுதச் சொல்வார்களாம், அந்த ஒரு நாளுக்குக் கூலியும் உண்டாம். என்ன கேட்க வேண்டும் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். ‘ஐடியா பேசும் மீட்டிங்கில் நானும் இருப்பேனா?’ என்பதை முதலில் எழுதினாள். பக்கத்தில் ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னார்: “அந்த மீட்டிங் எத்தனை மணிக்கு முடியும்னும் கேளுடி. கடைசி பஸ் போயிடும்.”

அதையும் இரண்டாவதாக எழுதிக்கொண்டாள்.