ஐந்து நாள் பூட்டியதற்கு அத்தனை பெரிய தண்டனையா?

ரிட்டயர்மென்ட் பணத்தைப் போட்டு மகனுக்கு ஒரு ஃபிரான்சைஸ் கடை வைத்துக் கொடுக்கப் போவதாகச் சென்ற வாரம் ஒரு நண்பர் சொன்னார். "அக்ரிமென்டைப் படித்தீர்களா?" என்று கேட்டேன். "எல்லாம் வழக்கமான ஷரத்துதான் சார்" என்றார். அந்த வழக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நான் வங்கியில் மேலாளராக இருந்தபோது ஒரு பேக்கரி ஃபிரான்சைஸுக்குக் கடன் கொடுத்தேன். என்னோடு வேலை பார்த்தவரின் மகன். வீட்டுப் பத்திரம் அடமானம். கடை நன்றாகத்தான் நடந்தது. இரண்டாம் வருடம் அவன் அப்பா காலமானார். ஐந்து நாள் கடை பூட்டிக் கிடந்தது. ஆறாம் நாள் கம்பெனியிடமிருந்து கடிதம்: தொடர்ந்து மூன்று நாள் மூடியதால் ஒப்பந்தம் உடனடி ரத்து, போர்டை இறக்கவும். வீட்டில் காரியம்கூட முடியவில்லை.

"மாமா, நீங்களும் படிச்சுப் பார்த்துத்தானே லோன் குடுத்தீங்க?" என்று கேட்டான். படித்தேன்தான். கடன் திரும்பி வருமா என்று பார்த்தேன். அந்த ஷரத்தைப் புரட்டிவிட்டேன். கடை போனது, கடன் நின்றது.

உடனே ரத்து செய்யும் உரிமையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கெட்டுப்போன சரக்கை விற்று உயிரோடு விளையாடுகிறவன், பொய்க் கணக்குக் காட்டுகிறவன், கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடியவன் - இவர்களுக்கு அவகாசம் எதற்கு? அங்கே திருத்த ஒன்றுமில்லை, அல்லது காத்திருந்தால் அடுத்தவருக்கு ஆபத்து. ஆனால் ராயல்டி ஒரு வாரம் தாமதம், போர்டில் விளக்கு எரியவில்லை, சாவுக்குக் கடை பூட்டினான் என்பதெல்லாம் ஒரு நோட்டீஸில் சரியாகிற விஷயங்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதுவது நியாயமா?

"அவர்தானே கையெழுத்துப் போட்டார்" என்பார்கள். அச்சடித்த படிவத்தில் ஒரு கமாவை மாற்றச் சொன்னாலும் "அப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கறோம்" என்பவர்களும் அவர்களே.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம் பொதுவாகத் தவறைத் திருத்தக் குறைந்தது 60 நாள் கொடுக்கச் சொல்கிறது. உடனே ரத்து செய்யத் தக்க காரணங்களைத் தனியே பட்டியலிடுகிறது. தொடர்ந்து ஐந்து நாள் கடை நடத்தாததும் அதில் உண்டு. ஆனால் தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்று கைமீறிய காரணம் என்றால் பொருந்தாது என்று அங்கேயே எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தை வைத்துத்தான் ஓட்டுகிறோம். இந்தியன் ஆயிலுக்கும் அமிர்தசரஸ் கேஸ் சர்வீஸுக்கும் நடந்த வழக்கில், ரத்து செய்தது தவறு என்ற முடிவு நின்றபோதும், உச்ச நீதிமன்றம் ஏஜென்சியைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. 30 நாள் நோட்டீஸில் முடித்துக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், அந்த 30 நாளுக்கு உண்டான நஷ்ட ஈடு மட்டும்தான். ஜெயித்தாலும் கடை வராது!

இதற்கொரு சட்டம் வேண்டும். அது வரும்வரை, பணம் கட்டுமுன் 'ரத்து' என்று தலைப்பிட்ட பக்கத்தை முதலில் படியுங்கள். திருத்திக்கொள்ள 30 நாளாவது எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். என் நண்பரிடமும் இதைத்தான் சொன்னேன். அன்று அந்தப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டியது.