மீண்டும் ஒலிக்குமா சிறு ஒலிக்கருவிக் கடைகள்?

புளூடூத் ஒலிபெருக்கி கைத்தொலைபேசியில் ஒரு தட்டலில் வீடு தேடி வரும் காலம் இது. ஒருமுறை மூடிய ஒலிக்கருவிக் கடையை மீண்டும் திறப்பது சரிவருமா? பெட்டியை வாங்கி விற்கும் தொழிலாக மட்டும் திறந்தால் சிரமம்தான். பழுதுபார்ப்பு, வாடகை, பொருத்தித் தருதல் ஆகிய சேவைகளை முன்னால் வைத்தால் வழி இருக்கிறது.

இத்துறைக்கு அடி பல பக்கங்களிலிருந்து விழுந்தது. பழைய வானொலிப் பெட்டிகளும் ஒலிபெருக்கிகளும் கைமாறிய சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் மூடப்பட்டது. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கிருமி முறியடிப்புத் திட்டம். கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் திருமணங்களும் கலை நிகழ்ச்சிகளும் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தைப்பூசப் பாத ஊர்வலம் 2021, 2022ஆம் ஆண்டுகளில் நடைபெறாமல் 2023இல்தான் திரும்பியது. கருவி சும்மா கிடந்தாலும் வாடகையும் கடன் தவணையும் சும்மா இருக்குமா? 7 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரியும் 2023இல் 8, 2024இல் 9 என உயர்ந்தது.

மறுதொடக்கத்திற்கு உள்ளூரிலேயே ஒரு பாடம் உண்டு. சிம் வோங் ஹூ 1981இல் பேர்ல்ஸ் சென்டரில் தொடங்கியது ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை. பின்னர் அவரது கிரியேட்டிவ் நிறுவனம் தயாரித்த கணினிகள் சந்தையில் எடுபடவில்லை. அவற்றில் கற்ற ஒலித் தொழில்நுட்பத்தை மட்டும் தனியே எடுத்து வளர்த்தார்கள். 1989இல் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டை பிறந்தது. 1992இல் நிறுவனம் நாஸ்டாக் பங்குச்சந்தை வரை சென்றது. எல்லாரும் கிரியேட்டிவ் ஆக முடியாது. ஆனால் தோற்ற தொழிலில் தோற்காத பகுதி எது என்று பார்ப்பது சிறு வணிகருக்கும் முடியும்.

நம் சமூகத்தில் அந்தப் பகுதி, நிகழ்ச்சிகள். தைப்பூசப் பாதையில் குறிப்பிட்ட மூன்று இடங்களில் நேரடி இசைக்கு 2016இல் அனுமதி கிடைத்தது. கோயில் விழா, சமூக மன்றக் கலைநிகழ்ச்சி, புளோக் கீழ்த்தளத் திருமணம் எதற்கும் ஒலி வேண்டும். ஆனால் மேல்மாடிக் குடும்பத்தின் தூக்கம் கெடக்கூடாது. அந்த அளவறிந்து ஒலியை அமைப்பவரை இணையக் கடையில் வாங்க முடியாது.

கணக்கிலும் கவனம் தேவை. தனி உரிமையாளராகப் பதிந்தால் தொழில் கடன் சொந்தச் சொத்தையும் தொடும். தனியார் நிறுவனமாகப் பதிந்தால் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனத்தோடு நிற்கும், ஆனால் வங்கிக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு குறையும். ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பொருள் சேவை வரிப் பதிவு கட்டாயம். மின்னேற்றி போன்ற பொருள்களை விற்க பாதுகாப்பு முத்திரை வேண்டும். கம்பியில்லா ஒலிவாங்கிகள் ஐஎம்டிஏ விதிகளுக்கு உட்பட்டவை. வீவக வீட்டைக் கிடங்காக்கவும் முடியாது.

ஆகவே கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது கடைசி வேலை. பழைய வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, அடுத்த தீபாவளி, தைப்பூசப் பருவங்களுக்கு எத்தனை பேர் முன்பணம் தருவார்கள் என்று கேட்பதே முதல் வேலை.