1948க்கு இன்னொரு அர்த்தம்

மலையகத்துல 1948ன்னு சொன்னா பிரஜாவுரிமை பறிபோன வருஷம்தான் ஞாபகம் வரும். இன்று புகைப்பதை விட உதவி கேட்டு அழைக்கும் இலக்கமும் அதுதான். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையுடையது. நமுனுகுலவில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"மனசு வச்சா விட்டுடலாம்"னு சொல்றோம். விட முடியாதவனை நக்கலடிக்கிறோம். ஆளைப் பிடித்து வைத்திருப்பது நிக்கொட்டின். கொல்வது பெரும்பாலும் புகையோடு வரும் தாரும் மற்ற நச்சுகளும். அதனால்தான் புகையில்லாமல் நிக்கொட்டினை மட்டும் தந்து மெல்லக் குறைக்கும் சுவிங்கத்தையும், தோலில் ஒட்டும் பட்டையையும் உலக சுகாதார நிறுவனம் 2009இல் அத்தியாவசிய மருந்துகளில் சேர்த்தது. நம்ம கடையில சிகரெட் ஒவ்வொண்ணா கிடைக்குது. இந்த சுவிங்கத்தைத் தேடி நாங்க பதுளைக்கு பஸ் ஏறினோம்.

மருந்து மட்டும் போதாது. எங்களுக்குப் பழக்கினது கூட்டாளிதான். லயத்து மூலையில ஒண்ணை மூணு பேர் இழுத்தோம். விடுறதையும் சேர்ந்தே செய்வோம். தேத்தண்ணி குடிச்சதும் கை தேடுற அந்த அஞ்சு நிமிஷம் பக்கத்துல நிற்போம். மறுபடி பத்த வச்சவனைத் திட்டாம, நாளைக்கும் கூப்பிடுவோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த சுவிங்கம் இருக்கணும்னும் சேர்ந்தே கேட்போம்.